முகத்தைத் திருப்பிக்கொண்டு பூட்டுகிறவர்

யூகலிப்டஸ் தைல வாசனை எங்கே அடித்தாலும் என் விரல்கள் தானாக மடங்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி நெற்றியில் தேய்த்துக்கொண்டால் போதும். இடது கட்டைவிரல் ஒரு பக்கம் இழுக்கும், வலது கை விரல் இன்னொரு பக்கம் இழுக்கும். மடியில் கீபோர்டு இருப்பது மாதிரி அழுத்துவேன். என் மகள் பார்த்துவிட்டு, "என்னம்மா, வீணை வாசிக்கிறியா?" என்று கேலி செய்வாள். வீணை இல்லை, கம்ப்யூட்டர் திரையைப் பூட்டுகிறேன். நீலகிரியில் தைலம் மணக்காத இடம் எது? அதனால் ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாவது இல்லாத திரையைப் பூட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தப் பழக்கத்தை என் விரலில் ஏற்றியவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் ஆபீஸிலும் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'பூட்டு'. "பூட்டு வருதா பாரு", "பூட்டு இன்னிக்கு லீவா?" என்றுதான் பேச்சு. அவர் லீவு போட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரி, அதை ஒட்டி மரத்தளம் போட்ட பழைய ஆபீஸ். யார் நடந்தாலும் பலகை முனகும். அவர் நடந்தால் மட்டும் முனகாது. கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். ஆளும் ஒல்லி. காதைச் சுற்றிப் பழுப்பு நிற மஃப்ளர். தீராத சளி, அதனால் காலையிலிருந்து சாயங்காலம்வரை தைலம். அந்த வாசனை மட்டும் இல்லையென்றால் அவர் நம் தோளுக்குப் பின்னால் நிற்பதே தெரியாது. வாசனை வந்ததும் ஒன்பது பேரும் நிமிர்ந்து உட்காருவோம். அந்த நாளில் எனக்குத் துரையைவிட அவரிடம்தான் பயம் அதிகம்.

துரை என்றால் மேனேஜர். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகியும் எஸ்டேட்டில் மேனேஜருக்கு அந்தப் பெயர் போகவில்லை.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு அவர் ரெக்கார்டு ரூமில் இருந்தவர். பழைய ஃபைல்களோடு ஃபைலாக இருந்தார். கம்ப்யூட்டர்கள் வந்தபோது, கோயம்புத்தூருக்குப் போய்ப் படித்துவிட்டு வர யாரும் முன்வராததால் அவரை அனுப்பினார்கள். அங்கே என்ன கற்றுக்கொண்டாரோ தெரியாது. பூட்டுவதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டு வந்தார். பிறகு தலைமை ஆபீஸிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆள் தொடாமல் பத்து நிமிஷம் இருந்தால் எல்லாக் கம்ப்யூட்டரும் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், திறக்க பாஸ்வேர்டு கேட்க வேண்டும் என்று. அதைப் படித்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"பத்து நிமிசமுங்களா? பத்து நிமிசத்துல ஒருத்தன் உள்ள வந்து எல்லாத்தையும் படிச்சுப்போட்டு, டீயும் குடிச்சுப்போட்டுப் போயிருவானுங்க."

அதோடு விடவில்லை. கையில் வாட்சைப் பிடித்துக்கொண்டு வராந்தாவிலிருந்து ஒரு மேஜைவரை நடந்தார். திரைக்கு முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பக்கம் படிக்க ஆகும் நேரம் மனசுக்குள் எண்ணினார். திரும்ப வராந்தாவுக்கு நடந்தார். மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட ஆனது. "அப்ப மூணு நிமிசமுங்க," என்று எல்லா மெஷினிலும் மூன்று என்று வைத்துவிட்டார். தலைமை ஆபீஸ் கேட்டதற்கு மேலே செய்த ஒரே ஆள் அந்தக் கம்பெனியில் அவராகத்தான் இருக்கும்.

அந்த மூன்று நிமிஷம் எங்கள் உயிரை வாங்கியது. ஜனவரி உறைபனியில் விரல் விறைத்துப் போகும். கரியடுப்பில் கையைக் காட்டிவிட்டுத் திரும்பினால் திரை பூட்டியிருக்கும். ஆள் வருகை பதியும் சேவியர் அண்ணன் இரண்டே விரலால் தட்டுகிறவர். ஒரு எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பூட்டிக்கொள்கிறது என்று சத்தியம் செய்வார். ஒருநாள் அவர் பேப்பர் வெயிட்டைத் தூக்கி நீளப் பொத்தான் மேலே வைத்துவிட்டு வெற்றிலை போடப் போனார். பொத்தான் அழுந்திக்கொண்டே இருந்தால் பூட்டாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பூட்டவில்லைதான். ஆனால் வந்து பார்த்தால் வருகைப் பதிவு வெற்றுப் பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் தைல வாசனை.

"ஏனுங்க சேவியரு, இத்தன பக்கத்துல ஒரு ஆளுகூட வேலைக்கு வல்லீங்களா?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். எங்கள் சிரிப்பு நின்றுபோனது.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தேயிலை விலை விழுந்திருந்த காலம். மலையெங்கும் அதே பேச்சுதான். பச்சை இலையைப் பறித்துச் சாலையில் கொட்டினார்கள். ஒவ்வொரு ஃபேக்டரியாகப் புகை நின்றது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஃபேக்டரி முந்தின வருஷமே மூடியாகிவிட்டது. அவர் கேரட் மூட்டை தூக்கப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் ஆபீஸிலும் ஆள் குறைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். யாரை என்பதுதான் தெரியாது. வேலை நீக்கக் கடிதம் பழுப்புக் கவரில்தான் வரும். தபால் பிரிவு என்னுடையது. எல்லாக் கவரும் என் கை வழியாகத்தான் வரும், போகும். நான் தினமும் காலையில் கடவுளைக் கும்பிட்டுவிட்டுத்தான் பையைப் பிரிப்பேன்.

திறந்து கிடக்கும் திரையைக் கண்டால் அவர் செய்வது இரண்டு காரியம். பூட்டுவார். பிறகு நோட்டில் எழுதுவார். அந்த நோட்டு துரை மேஜைக்குப் போகிறது, ஆள் குறைக்கும்போது அதிலிருந்துதான் பெயர் எடுப்பார்கள் என்று எங்களுக்குள் ஒரு முடிவு. யார் முதலில் சொன்னது என்று தெரியாது. ஆனால் எல்லோரும் நம்பினோம். என் திரை மூன்று தடவை திறந்து கிடந்திருக்கிறது. ஒருதடவை மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்து ஓடினேன். மற்ற இரண்டும் வெறும் மறதி. மூன்று தடவை என் பெயர் அந்த நோட்டில் இருக்கிறது என்ற நினைப்பிலேயே சோறு இறங்காத நாட்கள் உண்டு.

வேலை போனால் வேலை மட்டும் போகாது. நாங்கள் இருந்தது எஸ்டேட் வீடு. என் பெயரில் வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. அம்மா, வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள். அம்மா இலங்கைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்து, கல்யாணமாகி, என்னை வயிற்றில் சுமந்துகொண்டு கப்பலேறி வந்தவள். அவளிடம் போய் நோட்டு விஷயத்தைச் சொல்லித் தொலைத்தேன்.

"அந்த ஆளோட கவனமா இரு புள்ள," என்றாள். "ஒரு வாட்டி லயத்த விட்டு மூட்டையோட எறங்கினது போதும். இன்னொரு வாட்டி என்னால ஏலாது."

அன்றிலிருந்து எழுந்திருக்கும்போதெல்லாம் முதலில் சேமிப்பதற்கு இரண்டு பொத்தான், அடுத்தது கொடி படம் போட்ட பொத்தானும் எல் எழுத்தும். அவர் சொல்லிக் கொடுத்த வரிசை அதுதான். "எந்திரிக்கறதுக்கு முன்னால மொதல்ல காப்பாத்துங்க, அப்பறம் பூட்டுங்க," என்பார். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் பூட்டுவேன். பென்சில் கீழே விழுந்து குனிந்தாலும் பூட்டுவேன். பயம் முதலில் மனசில் இருக்கும், பிறகு விரலுக்கு இறங்கிவிடும் போலிருக்கிறது. விரலுக்கு வந்த பயம் யோசிப்பதில்லை.

பாஸ்வேர்டிலும் அவர் விடவில்லை. எஸ்டேட்காரர்களுக்கு நம்பர் என்றால் ஆள் பேரேட்டில் இருக்கும் செக்ரோல் நம்பர்தான். காலையில் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்தி அந்த நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தது, இங்கே இலை பறித்த என் அம்மாவின் நம்பர். அதையே பாஸ்வேர்டாக வைத்திருந்தேன். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்ற தைரியம். ஒரு நாள் என் மேஜைக்கு வந்து, ஜன்னலைப் பார்த்தபடியே தணிந்த குரலில் சொன்னார்.

"அம்மிணி, உங்கம்மா நம்பர் இந்த எஸ்டேட் பூராத்துக்கும் தெரியுமுங்க. அத்தன வருசம் காத்தால கத்திக் கூப்புட்ட நம்பரப் போயி யாராச்சும் பூட்டுல வெப்பாங்களா? மாத்திப்போடுங்க."

 என் பாஸ்வேர்டு இவருக்கு எப்படித் தெரியும்? பிறகுதான் தெரிந்தது, ஆபீஸில் பாதிப் பேர் அம்மா நம்பரையோ அப்பா நம்பரையோதான் வைத்திருந்தோம். அவர் அதை ஊகித்துத்தான் சொல்லியிருக்கிறார். எல்லோரிடமும் தனித்தனியாகப் போய் அதே மாதிரி ஜன்னலைப் பார்த்தபடிதான் சொல்லியிருக்கிறார்.

அந்த ஜன்னலைப் பார்ப்பதுதான் அவருடைய விசேஷம். திறந்து கிடக்கும் திரையைப் பூட்ட வரும்போது அவர் அதைப் பார்க்க மாட்டார். மேஜையை நெருங்கியதுமே முகம் வேறு பக்கம் திரும்பிவிடும். எதிர்ப்பக்கம் ஜன்னல் இருந்தால் மலையைப் பார்ப்பார், இல்லாவிட்டால் சுவரைப் பார்ப்பார். கை மட்டும் தடவிப் போய்ப் பொத்தானைத் தேடி அழுத்தும். பூட்டிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் முகம் திரும்பும். பெண்கள் குளிக்கிற இடத்தைக் கடக்கிற ஆண்பிள்ளை மாதிரி என்று சேவியர் அண்ணன் சொல்வார். "ஏன் சார் பாக்க மாட்டேங்குறீங்க?" என்று நானே ஒருதடவை துணிந்து கேட்டேன்.

"பாத்துப்போட்டா அப்பறம் அதையும் சேத்துச் சொமக்கோணுமுங்க அம்மிணி," என்றார். மஃப்ளர் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

என் தங்கை கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஒருதடவை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். நான் உள்ளே நுழையும்போது அவர் மனைவி ஒரு கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். இவர் எழுந்து வந்து அதை வாங்கி மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் "வாங்க" என்றார். அந்தம்மாவுக்குச் சிரிப்பு. "எந்தங்கச்சி எழுதினதுங்க. ஊட்டுல வெளஞ்ச முருங்கக்காயப் பத்தி எழுதியிருக்கறா. அதையும் இவரு மறைச்சு வெக்கறாருங்க," என்றார். அந்த அம்மா அப்படிச் சிரித்ததைப் பார்த்து, இந்த மனுஷனிடம் பயப்படாதவர்களும் இருக்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இருந்தாலும் வெளியே வரும்போது, அந்த நோட்டு எங்கேயாவது கண்ணில் படுகிறதா என்றுதான் தேடினேன்.

அவர் தோற்ற இடம் ஒன்றே ஒன்று, துரை ரூம். துரையின் மெஷினிலும் மூன்று நிமிஷம் வைத்தார். முதல் நாளே துரை கத்திவிட்டார். "என் ரூமுக்குள்ள போக நானே கதவைத் தட்டணுமா?" என்றார். துரை ரூம் கதவை எந்தக் காலத்திலும் சாத்துவதில்லை. உள்ளே எந்தப் பொருளையும் யாரும் தொடுவதில்லை. எஸ்டேட் வழக்கம் அது. தொட ஆளில்லாத இடத்துக்குப் பூட்டு எதற்கு என்பது துரை கட்சி. "பூட்டுன்னா எல்லாருக்குமுங்க ஐயா," என்று இவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். துரை சிரித்துவிட்டார். கடைசியில் அந்த ஒரு மெஷின் மட்டும் பூட்டாமல் விடப்பட்டது. தினமும் காலையில் துரை வருவதற்கு முன்பு இவரே போய் பாஸ்வேர்டு போட்டுத் திறந்து வைத்துவிடுவார். துரைக்குத் தன் பாஸ்வேர்டு என்னவென்றே தெரியாது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

மழைக்காலம். காலை பதினொரு மணிக்குத் தபால் தட்டை துரை மேஜையில் வைக்க வேண்டும். ஃபேக்டரியில் உலர்த்துகிற மெஷின் நின்றுபோய், துரை அங்கே ஓடியிருந்தார். ரூம் காலி. தட்டை வைத்தேன். திரை எரிந்துகொண்டிருந்தது. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஆபீஸிலும் டிவிஷன்களிலும் இருக்கிறவர்களின் பெயர்கள், ஒன்று முதல் பன்னிரண்டுவரை. மேலே, தலைமை ஆபீஸ் கேட்டபடி என்று ஒரு வரி. அதில் இருந்த, வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறவர்கள் என்பதற்கான ஆங்கில வார்த்தை அந்த வருஷம் மலையில் படிக்காதவர்களுக்கும் தெரியும்.

ஏழாவது பெயர் என்னுடையது.

 அம்மா மூட்டையோடு நிற்பதுதான் கண்ணுக்குள் வந்தது. வெளியே மழைச் சத்தம். யாரும் வரவில்லை. குனிந்து என் பெயரை அழித்தேன். அவ்வளவு சுலபமாக இருந்தது. எட்டாவது பெயர் ஏழாவதாக மேலே ஏறிக்கொண்டது. கம்ப்யூட்டரே எண்களைத் திருத்திக்கொண்டு, பதினொன்றில் முடித்தது. நான் அங்கே இருந்ததற்கு அடையாளமே இல்லை. திரும்பிப் போய்விடலாம்.

திரும்புவதற்கு முன்னால் என் விரல்கள் முதலில் காப்பாற்றின. பிறகு பூட்டின.

திரை மாறியதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது. அந்த மெஷின் ஒருநாளும் பூட்டியதில்லை. இப்போது அது பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நின்றது. எனக்குத் தெரியாது, துரைக்கும் தெரியாது. என்னென்னவோ அழுத்திப் பார்த்தேன். அது அசையவில்லை. வெளியே வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். எனக்கு எதிரே பத்தடி தூரத்தில் அவர் உட்கார்ந்து, எல்லோருடைய மவுஸ்களையும் கழற்றி உள்ளே இருக்கும் குண்டைப் பஞ்சில் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போகும்போதும் அங்கேதான் இருந்தார். வெளியே வரும்போது ஒருதடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

கால் மணி நேரத்தில் துரை வந்தார். ரூமிலிருந்து சத்தம் கேட்டது.

"என் மெஷினை எவன் தொட்டது?"

 வாசலுக்கு வந்து நின்றார். "என் ரூமுக்கு யார் வந்தது?"

பியூன் மாதன் வெள்ளந்தி. "தபால் அம்மா மட்டுந்தா வந்தாங்க தொரெ," என்றான்.

துரை என் பக்கம் திரும்பினார். எழுந்து நின்றேன். ஒன்றுக்கு வந்துவிடும் போலிருந்தது. வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று தெரிந்தது. அப்போது எதிரே நாற்காலி நகர்ந்தது.

"நாந்தானுங்க ஐயா," என்றார் அவர். "தெறந்து கெடந்துதுங்க. கை சும்மா இருக்க மாட்டேங்குது. பூட்டிப்போட்டனுங்க."

எல்லோரும் நம்பினார்கள். அவர் செய்யக்கூடிய காரியம்தானே அது. சேவியர் அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார். துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "உனக்கு எத்தனை தடவை சொன்னேன்? உள்ளே வா, திற!" என்று கத்தினார். அவர் போனார். என் இடத்திலிருந்து துரை ரூம் தெரியும். மேஜைக்கு முன்னால் நின்று, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, தடவித் தடவிப் பாஸ்வேர்டு போட்டார். திரை திறந்தது. அவர் முகம் ஜன்னலிலேயே இருந்தது.

"படிச்சியா இதை?" என்றார் துரை.

"நான் படிக்கறதில்லீங்க ஐயா."

வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து அடுத்த மவுஸைக் கையில் எடுத்தார். நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. சொன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயம்.

சாயங்காலத் தபாலுக்கு முன்பு துரை என்னைக் கூப்பிட்டு, மடித்த தாள் ஒன்றையும் கவரையும் கொடுத்தார். துரை பசையைத் தொட மாட்டார். எத்தனை ரகசியக் கடிதமானாலும் ஒட்டுவது தபால் பிரிவுதான். தபால் எழுதுகிறவளுக்குக் கண் இருப்பதாக அவர் நினைத்ததில்லை. என் இடத்துக்கு வந்து மடித்ததை விரித்தேன். டைப் அடித்த பெயர்கள் பதினொன்று. தலைமை ஆபீஸ் பன்னிரண்டு கேட்டிருந்தது. எண்ணிப் பார்த்திருப்பார், ஒன்று குறைந்திருக்கும், யாரை விட்டோம் என்று யோசித்திருப்பார். காலையில் வந்த கோபம் கையில் தயாராக இருந்திருக்கும். பதினொன்றுக்குக் கீழே பச்சை மையில் பன்னிரண்டாவதாக ஒரு பெயர் எழுதியிருந்தது.

அவர் பெயர்.

தபால் வண்டி வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அவர் பத்தடி தூரத்தில் இருந்தார். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். துரையிடம் போய் அந்த இடம் என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். எழுந்திருக்கக்கூடச் செய்தேன். எழுந்ததும் விரல்கள் என் திரையைப் பூட்டின. மறுபடி உட்கார்ந்தேன். பசையைத் தடவி கவரை ஒட்டி, தபால் புத்தகத்தில் பதிந்து, பையில் போட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு அடியில் சந்தோஷமாகவும் இருந்தது. இந்தச் சந்தோஷத்தைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதியே பிரயோஜனமில்லை.

மூன்றாவது வாரம் கவர்கள் வந்தன. என் கையால்தான் பன்னிரண்டு பேருக்கும் கொடுத்தேன். அவர் கவரை வாங்கி, பிரிக்காமலே பையில் வைத்துக்கொண்டு, "நல்லதுங்க அம்மிணி," என்றார். அன்று வீட்டில் அம்மா தேங்காய் ரொட்டி சுட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள். "அந்த ஆளுக்கு நல்லா வேணும். எத்தன பேர எழுதிக் குடுத்தானோ," என்றாள். நான் ரொட்டியைத் தின்றேன்.

கடைசி நாள் அவர் எல்லா மேஜைக்கும் ஒரு சுற்று வந்தார். என் பக்கம் வருகிறார் என்று தெரிந்ததும் நான் எழுந்து பழைய ரெக்கார்டு ரூமுக்குள் ஓடிவிட்டேன். கதவிடுக்கில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு திரும்பி வந்தால் என் திரை பூட்டியிருந்தது. மூன்று நிமிஷம் ஆகியிருந்ததா, இல்லை அவர் பூட்டினாரா என்று தெரியவில்லை. கீபோர்டைச் சுற்றித் தைல வாசனை. ஓடுகிற அவசரத்தில் அன்று நான் பூட்டவில்லை.

சேவியர் அண்ணன்தான் கேட்டாராம், "போறப்பவாச்சும் சொல்லிட்டுப் போங்க சார், அந்த நோட்டுல என்னதான் எழுதினீங்க?" என்று. அவர் நேரே ஃபேக்டரிக்குள் போய், விறகு எரிகிற அடுப்பில் நோட்டைப் போட்டுவிட்டு, அது எரிந்து முடியும்வரை நின்றாராம். புது ஆள் வந்ததும் எல்லா மெஷினிலும் பத்து நிமிஷம் ஆகிவிட்டது. பத்து மாதத்தில் எல்லோரும் பூட்டுவதையே விட்டுவிட்டார்கள், என்னைத் தவிர.

அந்த நாற்காலியில் இன்னும் பதினோரு வருஷம் உட்கார்ந்தேன். பிள்ளைகள் அந்த வீட்டிலிருந்துதான் படித்து முடித்தார்கள். அம்மா அந்த வீட்டில்தான் போய்ச் சேர்ந்தாள். இத்தனைக்கும் நடுவில் என்னைத் தாங்கியது ஒரே நினைப்புதான். அவருக்குத் தெரியாது. நான் பூட்டியதைப் பார்த்திருக்கலாம். ஆனால் நான் அழித்தது தெரியாது. அவர்தான் திரையைப் பார்ப்பதே இல்லையே.

போன வருஷம் மேட்டுப்பாளையம் போகும்போது பர்லியாரில் பஸ் நின்றது. எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சாலையோரம் மங்குஸ்தான் பழத்தைக் கூறு கட்டி வைத்திருந்த கடையில், அந்த வெயிலிலும் கழுத்தில் பழுப்பு மஃப்ளரோடு ஒருவர். மிகவும் வயதாகியிருந்தது. பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாக வந்தார். என் ஜன்னலுக்கு வந்து நிமிர்ந்தார். அடையாளம் கண்டுகொண்டார் என்று கண்ணிலேயே தெரிந்தது. நானும் அவரைப் பார்த்தேன். என் முகத்தில் என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது. அத்தனை வருஷமும் அதில் இருந்திருக்கும்.

அவர் முகத்தைத் திருப்பி மலையைப் பார்த்தார். தட்டு மட்டும் என் பக்கம் நீண்டே இருந்தது.

திறந்து கிடப்பதைக் கண்டால்தான் அவர் அப்படித் திரும்புவார்.  நான் பழம் எடுக்கவில்லை. பஸ் கிளம்பும்வரை அவர் மலையைப் பார்த்தபடியே நின்றார்.